அண்ணன் பேரில் தம்பி ரத்தம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அண்ணன் தம்பி இருவர், ஆத்தூருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே நல்ல பருமன். மூன்று பேர் சீட்டில் அதற்குமேல் ஒரு குழந்தைகூட உட்கார முடியாது. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

“ஏலே, நீ என் பேருல குடுத்த ரத்தம் சரியில்லையாம்” என்றார் அவர்.

நான் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினேன்.

“சரியில்லன்னா?” என்றான் தம்பி.

“இதயம் சிரமப்பட்டா ரத்தத்துல ஒரு புரோட்டீன் கூடுமாம். அது கூடியிருக்காம். குண்டா இருக்க எல்லாருக்கும் அப்படி இருக்காதாம். யாருக்கு ஆபத்துன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இந்த டெஸ்டே எடுக்காவளாம்.”

“எனக்கு ஒண்ணும் செய்யலியே. நேத்துகூட மூடை தூக்குனேனே.”

“அத நம்பித்தாம்ல ஒன்ன அனுப்புனேன். எனக்குத்தான் ஏணி ஏறுனா மூச்சு வாங்குது. கம்பெனி செக்கப்புல தெரிஞ்சா கிரேன விட்டு எறக்கிருவாவ. நீ சின்னவன், ஒன் ரத்தம் பாஸாயிரும்னு நெனச்சேன்.”

ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் போய்க்கொண்டிருந்தன.

“தூத்துக்குடி டாக்டர் யார வரச் சொல்லுதாரு?”

“என்னத்தான். ஆனா போவ வேண்டியது நீ.”

தம்பி அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டான்: “அப்ப ஒன் ரத்தத்துல என்ன இருக்குன்னு யாருண்ணே பாத்தா?”

ஆத்தூருக்கு முன்னாலேயே, முள்ளக்காட்டில் இருவரும் இறங்கினார்கள். ரோட்டைத் தாண்டி, தூத்துக்குடிக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.