அமோனியா லேசா, கனமா?

எண்ணூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் சீருடையோடு இரண்டு பெண்கள். நாளைக்கு அறிவியல் போட்டியாம். நோட்டை வைத்திருந்தவள் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"அமோனியா காத்த வுட கனமா, லேசா?"

"கனம்."

"ஐயோ, பேஜாரு பண்ணாதடி! லேசு. மேல போய்டும்னு புக்குலயே போட்டுக்கீதுல்ல?"

"அத்த நம்பித்தான் அன்னிக்கு எங்க வூட்டாண்ட உரக் கம்பெனில இந்த கேஸ் லீக்கானப்போ, மேலதான போவும்னு எங்கம்மாவ தரையில படுக்கச் சொன்னேன். பனி மாதிரி வெள்ளையா கதவுக்கு அடியிலதான் நுழைஞ்சிச்சி. எங்கம்மா இன்னும் இருமிக்கினு கீது."

நோட்டுக்காரி நோட்டை மூடினாள்.

"அப்போ நாளைக்கு இன்னாதான் சொல்லப் போற?"

"லேசுன்னே சொல்றேன். கப்பு வாங்கிக்கலாம். ஆனா நீ போய் உங்க வூட்ல யாருக்கும் அத்த சொல்லிக் குடுத்துடாத."