தீப்பெட்டி நான் கொடுத்ததுதான்

ரவைக் கஞ்சியைக் கட்டி தட்டாமல் கிண்ட எங்கள் சுற்றுலாக் கப்பலின் சமையல்காரருக்குக் கடைசிவரை வரவே இல்லை. அக்டோபர் மாதக் கடைசிப் பயணத்திலும் அப்படித்தான் இருந்தது. நானே சாப்பிட்டுப் பார்த்ததால் சொல்கிறேன், அதிகாரி ஐயா. அது யாருக்காக வந்த கஞ்சி என்பது பின்னால் வரும்.

நான் ஆற்றங்கரை ஊரான உக்லிச்சின் படகுத்துறையில் வளர்ந்தவள். அம்மா அங்கே மேஜை விரிப்பு விற்றாள். கப்பலிலிருந்து இறங்கி வருகிறவரின் கண் எந்த விரிப்பில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, வேறு ஒன்றை எடுத்து நீட்டுவாள். "எவ்வளவு குடுப்பான்னு பாக்காதடி லுகேரியா. எதைக் குடுக்கவே மாட்டான்னு பாரு. அது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும்" என்பாள். மழையிலும் காற்றிலும் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கிப்போனது. எனக்கு அந்தக் கதி வேண்டாம் என்றுதான் கப்பலுக்குள் இடம் பிடித்தேன்.

இடம் என்று சும்மா சொல்லவில்லை. வரவேற்புக் கூடத்தில் மாடிப்படிக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் என் நினைவுப்பொருள் கடை, முக்கியமாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மரப் பொம்மைகள். கூட்டமான துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள் அல்லவா? வெளியே நிற்கும் கப்பலின் பயணிகள் கரைக்குப் போக எங்கள் கூடத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். யாரோ டிக்கெட் விற்றுக் கூட்டிவந்த ஜனம், என் பொம்மைகளை உரசிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு நான் யார் யாருக்குச் சிரித்தேன், யார் யாருக்கு மீன் சுட்டுக் கொடுத்தேன் என்பதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

கடையை ஒட்டிச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கு ஒரு தகடு. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. கரைக்கு இறங்கும்போது சிவப்புப் பக்கம் தெரியத் திருப்பிவிட்டுப் போகவேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளை. பலகை முழுக்க வெள்ளையானால்தான் கப்பல் கிளம்பும். ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் துணை மாலுமி கிளேப் கயிற்றை அவிழ்க்க மாட்டார். கெட்டிக்கார ஏற்பாடு. தலைகளை எண்ண வேண்டியதில்லை.

வெனியமின் ஒசிப்போவிச் எங்கள் வழிகாட்டி. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோடைக்குக் கோடை எங்களோடு வருவார். உக்லிச்சில் கழுத்தறுபட்டுக் கிடந்த இளவரசனின் கதையை அவர் சொன்னால் பல் மருத்துவர்கள்கூட அழுவார்கள். தனிக்கட்டை. அவருடைய அறை ஈரம் கசியும் அறை என்பதால் கம்பளிக் கோட்டை என் கடைக் கொக்கியில்தான் மாட்டுவார். போனுக்கும் என் கடையில்தான் சார்ஜ் போடுவார். எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளை ஏரியைக் கடக்கும்போது அவரே என்னிடம் வந்தார். தேநீர் ஊற்றி, ராஸ்பெரி ஜாமும் வைத்தேன்.

"லுகேரியா சவேல்யெவ்னா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி" என்றார். "அடுத்த வருஷம் இந்தக் கூடத்துல புத்தக அலமாரி வரப்போகுது. நடுவுல யெலோவ் தீவு மரக்கோயிலோட சின்ன மாதிரி ஒண்ணு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. நான் எழுதிக் கேட்டேன், முதலாளிங்க சம்மதிச்சுட்டாங்க."

"அப்ப என் கடை?"

"கீழ்த் தளத்துல, சலவை அறைக்குப் பக்கத்துல. அங்க அமைதியா இருக்கும்மா."

கல்லறையும் அமைதியாகத்தான் இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை, பேரம் பேசினேன். மாடிப்படியின் இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உங்கள் கோயிலுக்கு என்றேன். தலையாட்டிச் சிரித்தார். பொம்மைக் கடைக்குப் பக்கத்தில் கோயிலை வைப்பது கோயிலுக்கு மரியாதை இல்லையாம். பாதி அலமாரி கேட்டேன். ஒரு தட்டு கேட்டேன். கோபமே இல்லாமல், ஜாமை நக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் மறுத்தார். நான் பேரம் பேசிப் பிழைப்பவள். ஒரு அடிகூட இறங்காத ஆளை முதல்முறையாகப் பார்த்தேன். உண்மையில் எனக்கு மரியாதைதான் வந்தது.

மறுநாள் யெலோவ் தீவு. மரமே இல்லாத பாறைத் தீவு, புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காது. அதன் நடுவே ஆணி அடிக்காமல் கட்டிய பழைய மரக்கோயில். அந்தத் தீவில் மட்டும் வெனியமின் ஒசிப்போவிச் வேறு ஆள். இறங்குகிறவர்களின் சிகரெட்டைப் பிடுங்கி ஏரியில் எறிவார். தன் தீப்பெட்டியையும் என் மேஜையில் வைத்துவிட்டு, காலிப் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு போவார். "முந்நூறு வருஷம் காஞ்ச கட்டை, ஒரு பொறி போதும்" என்பார். கூட்டம் திரும்பிய பிறகும் கடைசி ஆளாக நின்று சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவார். கப்பல் மூன்று முறை சங்கு ஊதும். மூன்றாவது சங்குக்குத்தான் நடக்கவே ஆரம்பிப்பார். தன் சிவப்புத் தகடு கப்பலைக் கட்டிவைத்திருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று மதியம் வெயில் அடித்தது. கோட்டுக்குக் கை நீட்டினார்.

"இந்த வெயில்லயா? கிழவன்னு ஊருக்கே சொல்லப் போறீங்களா?" என்றேன்.

சிரித்துவிட்டு ஸ்வெட்டரோடு இறங்கினார். போன் என்னிடம் சார்ஜில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தீவின் காவல்காரர் தெரெந்தி வந்தார். தான் வாங்கிப்போன தேநீர்க் குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "காத்து திரும்புது லுகேரியா. பனி கொட்டும். நான் படகை எடுத்துட்டு அக்கரைக்குப் போறேன், இனி ஞாயித்துக்கிழமைதான் வருவேன். கோயில் சாவி அவருகிட்ட இருக்கு, கல்லுக்கு அடியில வெச்சுடுவாரு" என்றார். கப்பல் தலைவரிடம் சொல்லட்டுமா என்றும் கேட்டார். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவர் சொன்னதுபோலவே காற்று திரும்பியது. வானம் ஈயமாகி, ஈரப்பனி சாய்வாக அடித்தது. பயணிகள் ஓடி வந்து தகடுகளை வெள்ளையாக்கிக்கொண்டு சூப்புக்குப் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு சிவப்பு மிச்சம். நான் செய்தது அதைத் திருப்பியது மட்டும்தான். விரல் நுனி வேலை, அதிகாரி ஐயா. பொம்மையின் மூடியைத் திருகுவதற்குக்கூட அதைவிடப் பலம் வேண்டும்.

கிளேப் வந்து பலகையைப் பார்த்தார். "கிழவரு இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டாரா? அதிசயம்தான்."

"நடுங்கிக்கிட்டே வந்தாரு. படுக்கப் போயிட்டாரு" என்றேன்.

முதல் சங்கோடு கப்பல் கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோயில் படியில் அவர் நின்றிருந்தார். கப்பல் காற்றுக்காகத் திருப்பி நிறுத்தப்படுகிறது என்று நினைத்திருப்பார், பதற்றமே இல்லை. வருகிறேன் என்பதுபோலக் கையை உயர்த்தினார். நானும் கையசைத்தேன். மரியாதை தெரிந்தவள் நான்.

அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி ரவைக் கஞ்சி கேட்டு வாங்கி, அவருடைய அறைக்கு எடுத்துப் போய், கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிண்ணம் காலியாகத் திரும்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் பீட்டர்ஸ்பர்கில் பருவம் முடிந்து எல்லோரும் கட்டித்தழுவிப் பிரிந்தார்கள். அவருடைய பெட்டியை என் பெட்டிகளோடு இறக்கினேன். காத்திருக்க அவருக்கு யாரும் இல்லை.

கோட்டும் போனும் என் வீட்டில் கிடைத்ததை வைத்து என்னைக் கொலைகாரி என்கிறீர்கள். நல்ல கோட்டு, பூச்சி அரிக்க விடக்கூடாது என்று வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் கண்டெடுத்த இன்னொரு பொருளைப் பற்றி இதுவரை கேட்கவில்லை. கோயிலுக்குள் ஜன்னல் விளிம்பில் இருந்த தீப்பெட்டி. அது என் கடைச் சரக்கு; மேல் அட்டையில் அதே கோயிலின் படம் போட்டது. அவர் இறங்குவதற்கு முன் அவருடைய துணிப்பைக்குள், பயணிகளுக்குப் பேச எழுதிவைத்திருந்த உரைக் காகிதங்களுக்கு நடுவில், நானே வைத்தது. கொல்ல நினைப்பவள் தீப்பெட்டி வைத்து அனுப்புவாளா?

யோசித்துப் பாருங்கள். தீவில் எல்லாம் நனைந்து கிடந்தது. காய்ந்த கட்டை ஒரே இடத்தில், மலைபோல. ஒரு பொறி போதும் என்று அவரே சொல்வார். கொளுத்தியிருந்தால் சூட்டுக்குச் சூடு. ஏரி முழுக்க வெளிச்சம் தெரிந்திருக்கும், தெரெந்தி பாய்ந்து வந்திருப்பார், வெனியமின் ஒசிப்போவிச் இன்று எங்கேயாவது உட்கார்ந்து ஜாம் நக்கிக்கொண்டிருப்பார். வழி இல்லாமல் நான் யாரையும் நிறுத்தவில்லை. பேரம் என்றால் எதிராளிக்கும் ஒரு வழி இருக்கவேண்டும்.

அவர் என்னென்ன எரித்தார் என்று நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். உரைக் காகிதங்கள். துணிப்பை. தொப்பி. கைத்தடி. கடைசியில் புகைக்குழாய். அதுவும் வெளியே, பாறை மறைவில், கோயிலிலிருந்து தள்ளி. பிறகு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கோயில் பலகையில் ஒரு சிராய்கூடக் கிள்ளவில்லை. பெட்டியில் பாதிக்கு மேல் குச்சிகள் மிச்சம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது நியாயமான கேள்விதான். கொளுத்துவார் என்று நம்பியா கொடுத்தாய்?

அம்மா கற்றுக்கொடுத்த தொழில், அதிகாரி ஐயா. எனக்கு அலமாரியில் ஒரு தட்டுகூட விட்டுக்கொடுக்காத மனிதர். அவர் எதைக் கொடுக்கவே மாட்டார் என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் அந்தத் தீப்பெட்டியை எடுத்தேன்.