வைலெ நகரச் சரிவில் குழந்தை வண்டியை நகர்த்தியது சம்பந்தமாக

என் பெயர் வீபெகெ டோர்ப். வயது ஐம்பத்தெட்டு. ரோஸ்கில்டெ நகரில் வசிக்கிறேன். டென்மார்க் அரசில் நுகர்வோர் நலத்துறை அமைச்சராக இருந்துவருகிறேன்.

நான் அரசியலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கெட்டில். அதன் கைப்பிடி கழன்று கொதிநீர் என் காலில் கொட்டியது. கடைக்காரர் அதைத் திரும்ப வாங்க மறுத்ததால், அவர் கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் வெந்த காலைக் காட்டினேன். அதன் பிறகு நுகர்வோர் மன்றத்தில் சேர்ந்து, நகர சபைக்கும் பின்னர் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானேன். கட்சிக்காரர்கள் இன்றும் என்னைக் கெட்டில்காரி என்பார்கள். பொறுமை எனக்குக் கிடையாது. ஓட்டு விழுந்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கடந்த வியாழனன்று சோதனைக்கூடத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. 'டுன்லே' என்னும் குழந்தை வண்டியில், குழந்தை தூக்கத்தில் உதைத்தால் பிரேக் தானாக விடுபடுகிறது என்றும், ஒடென்சே நகரில் ஒரு குழந்தைக்கு மண்டையில் அடிபட்டது என்றும் அதில் இருந்தது. நிறுவனம் பதில் சொல்லச் சட்டம் அவகாசம் தருகிறது. அதுவரை வண்டியின் பெயரை வெளியே சொன்னால் அமைச்சரானாலும் குற்றம். எனவே மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தெருவில் மனிதர் முகங்களைப் பார்ப்பதை விட்டு வண்டிச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இன்று சனிக்கிழமை, கட்சிக் கூட்டத்துக்காக வைலெ வந்தேன். மேடையில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே வந்தபோது, சரிவான தெருவில் ஒரு காப்பிக் கடை வாசலில் டுன்லே நின்றது. எங்கள் நாட்டில் எல்லோரும் செய்வதுபோல் குழந்தையை வெளியே வண்டியில் தூங்கவிட்டுத் தாய் உள்ளே போயிருந்தார். உள்ளே போய் வண்டியை நகர்த்தச் சொல்லலாம் என்றால், ஏன் என்பார்கள். கல் தேடினேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு என் ஷூவைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். அப்போது குழந்தை புரண்டது, பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது, வண்டி ஷூவின் மேல் ஏறியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒற்றை ஷூவோடு வண்டியைக் கீழே சமதளத்துக்கு இறக்கினேன். அதற்கு முன் நான் அவ்வளவு பயந்ததில்லை.

அதற்குள் தாய் ஓடிவந்தார். அவர் பெயர் சிசெல் என்று பிறகு அறிந்தேன். என் கையைப் பிடித்து முறுக்கினார்.

"எம்புள்ளய எங்க கொண்டுபோற? கேக்குறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?"

காரணத்தைச் சொன்னால் குற்றம் என்பதால் கைப்பிடியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். கூட்டம் கூடியது. ஒருவர் என்னை அடையாளம் கண்டு, கெட்டில் போய் இப்போது பிள்ளை பிடிக்க வந்துவிட்டாள் என்றார். சிசெல் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீங்களா? உங்க துறை முத்திரை இருந்துச்சுன்னுதானே இந்த வண்டிய வாங்கினேன்."

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. அதன் பிறகு போலீசார் எங்களை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தார்கள்.

என் துறைச் செயலாளர் ஹென்னிங் போனில் பேசினார். குழந்தையைப் பார்த்ததும் என் பேரப்பிள்ளை நினைவு வந்து தூக்கத் தோன்றியது என்று சொன்னால் ஜனங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்றும், காரணத்தைச் சொன்னால் பதவியும் போகும், வழக்கும் வரும் என்றும் சொன்னார். எனக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது என்றேன். சிசெல் பக்கத்து அறையில் இருக்கிறார். அவர் வீடு அதே சரிவின் உச்சியில். வண்டியைத் தள்ளிக்கொண்டு இன்றே அந்த வழியாகத்தான் ஏறிப் போவார். எனவே காரணத்தை இங்கே சொல்லிவிட்டேன்.

நான் சொன்னதை எழுதிக்கொண்ட ஆய்வாளர் பிரெபென் அதை எனக்குப் படித்துக் காட்டினார். வண்டியின் பெயர் வரும் இடங்களை அடித்துவிடலாமா என்று இருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். என் கோரிக்கையின்பேரில் சிசெலை அழைத்து அவருக்கும் படித்துக் காட்டினார். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை நிலையத்திலேயே விட்டுவிட்டு நடந்து போனார்.

இவையாவும் நான் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னவை, உண்மையானவை, ஒரு பெயரும் நீக்கப்படவில்லை.

(ஒப்பம்) வீபெகெ டோர்ப்