உள்ளூர் வண்டிக்கும் வெளிநாட்டு வண்டிக்கும் நடுவே நின்ற எங்கள் ஸ்டோர் அக்காவுக்கு

அலமாரி ஆறினையும் அங்குலம் அங்குலமாய் அறிந்த அன்னையே! உருவத்தால் ஒன்றாகி உள்ளத்தால் வேறான உதிரிபாகங்களை ஒரே தொடுகையில் பிரித்தறியும் ஒப்பற்ற பெருமாட்டியே! தங்களைவிட மூன்று வயது மூத்த முதலாளியும் அக்கா என்றே அழைக்க, வாடிக்கையாளரும் அழைக்க, வாடிக்கையாளரின் தகப்பனாரும் அழைக்க, முப்பத்தோராண்டும் முகம் கோணாது “என்ன வேணும்?” என்று கேட்ட எங்கள் ஸ்டோர் அக்காவே! வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் வாசிக்க இம்மடலை எழுதும் பொறுப்பு, நாளை முதல் தங்கள் நாற்காலியில் அமரப்போகும் என் தலையில் விழுந்தது. “நாங்கள்” என்று வரவேண்டிய இடத்தில் “நான்” என்று வந்துவிட்டால் சபையோர் பொறுத்தருள்க. நாற்பத்திரண்டு வயதில் இவ்வளவு குழப்பம் எனக்கு வந்ததில்லை.

ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர். ஆயினும் மண்மேடு தாவும் டர்ட் பைக்கில் இங்கே செய்தது வேறு, கடல் கடந்து வந்தது வேறு என்னும் பேருண்மையை முழுதாய் உணர்ந்தவர் தாங்கள் ஒருவரே! கிளட்ச் கேபிள் இதற்கு நீளம், அதற்குக் குட்டை. செயின் இரண்டுக்கும் ஒன்றே, செயின் ஓடும் சக்கரத்தில் மட்டும் ஒரு பல் கூடுதல். ஏர் ஃபில்டர் பொருந்தும், அதன் மூடி பொருந்தாது. மூடி பொருந்தினால் திருகாணி பொருந்தாது. திருகாணியும் பொருந்திவிட்டால் ஐயகோ, அது வேறு யாருடைய வண்டியோ! கம்பெனி தந்த இரண்டு புத்தகங்களும் ஒன்றையொன்று வெட்டிப் பேச, தாங்கள் இரண்டையும் மூடி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்வீர்கள்.

வெளிநாட்டுப் பாகத்துக்குச் சிவப்பு நூல், உள்ளூர்ப் பாகத்துக்குப் பச்சை நூல் என்று தாங்கள் கட்டி வைத்த முறைமையை எங்ஙனம் புகழ்வோம்! மூன்றாம் அலமாரியில் மட்டும் அது தலைகீழ். ஏன் என்று கேட்டதற்கு, “அந்த வருஷம் சிவப்பு நூல் தீந்துபோச்சு தம்பி. பச்சையை வச்சு ஒப்பேத்தினேன், அப்புறம் அதுவே பழகிடுச்சு” என்றீர்கள். அப்படியானால் அங்கே பச்சை என்றால் வெளிநாடா என்று கேட்டேன். “ஆமா. ஆனா கீழ்த்தட்டுல இல்ல” என்றீர்கள். அன்றிரவு என் மனைவி சிவப்புத் துண்டை எடுத்து வரச் சொன்னபோது எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன் என்பதைச் சபையறியச் சொல்லிக்கொள்கிறேன்.

பண்புகளைப் பட்டியலிட்டு முடிக்கும் இடம் இதுதான். ஆனால் சென்ற வாரம் நடந்ததைச் சொல்லாமல் இம்மடல் மேலே நகர மறுக்கிறது.

மீதமிருந்த விடுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்ட ஐந்து நாளில், நம் போர்மேன் தம் மகளின் பந்தய வண்டிக்கு முன் பிரேக் பேட் கேட்டார். வண்டியின் எண்ணைப் பார்த்தேன், வெளிநாடு. புத்தகத்தைப் பார்த்தேன், வெளிநாடு. நூலையும் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். போர்மேன் மாட்டினார். சொன்னபடி கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை தாங்கள் திரும்பினீர்கள். அந்தப் பெண் காலைப் பயிற்சிக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். தாங்கள் கைப்பையைக்கூட வைக்காமல் குனிந்து, அந்தப் பிரேக் பேடை ஒரு விரலால் ஆட்டினீர்கள். அது லொட லொடவென்று ஆடியது.

“யாரு குடுத்தது?”

“நான்தான் அக்கா. அழகா உள்ள போச்சு.”

“அழகா போச்சா? லேசா உள்ள போனா சந்தேகப்படணும் தம்பி. தப்பான பாகம் மாட்டேன்னு அடம்பிடிச்சா நல்லது, தெரிஞ்சுடும். சிரிச்சுக்கிட்டே உள்ள போச்சுன்னா ஆளையே கவுத்துடும்.”

அதன்பிறகே விளங்கியது. உடம்பு வெளிநாடு, முன்சக்கரத்தைப் பிரேக்கோடு தாங்கும் காலை மட்டும் வண்டியின் பழைய சொந்தக்காரர் உள்ளூர் வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார். வெளிநாட்டுப் பேடின் துளை பெரிது, உள்ளூர் வண்டியின் ஆணி மெல்லிது. ஒரு மேட்டில் தாவி இறங்கியிருந்தால் பேட் கழன்று, பிரேக்கே இல்லாமல் போயிருக்கும். தாங்கள் சரியானதை எடுத்துத் தந்தீர்கள். அது முரண்டு பிடித்து, முக்கி முனகித்தான் உள்ளே போனது. அந்தப் பெண் பயிற்சிக்குப் போனாள். நான் அலமாரிச் சாவியைத் தங்கள் மேசைமேல் வைத்து, இந்த வேலை எனக்கு வேண்டாம் என்றேன்.

அப்போது தாங்கள் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “நானும் குடுத்திருக்கேன் தம்பி. மூணாவது வருஷம், இதே பிரேக் பேட். உள்ளூர் வண்டிக்கு வெளிநாட்டுது போயிடுச்சு. போர்மேன் அப்ப சாதா மெக்கானிக். ஓட்டிப் பாக்கறேன்னு பின்னாடி மண்மேட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. அவரு கால் இன்னிக்கும் சாய்ஞ்சு நடக்குதே, அது நான் பண்ணினது. அதுக்கப்புறம்தான் நூல் கட்ட ஆரம்பிச்சேன்.”

தாங்கள் அவருக்கு ஆறு வாரம் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் கேரியர் சுமந்த கதையையும் அன்றுதான் கேட்டேன். பக்கத்தில் டயர்மேல் போர்மேன் உட்கார்ந்திருந்தார். தங்களோடு ஒரு வாஷருக்கும் வாதாடும் மனிதர் அன்று எழுந்து வெளியே போய்விட்டார்.

புதன்கிழமை இம்மடலை எழுதிக்கொண்டிருந்தேன். “கருணைக்கடலே” என்று போடலாமா, கடல் என்றால் மறுபடி வெளிநாடு வந்துவிடுமா என்று குழம்பிய நேரத்தில் போர்மேன் எதிரே வந்து நின்றார்.

“இதையும் எழுது” என்றார். “அக்கா அன்னிக்கு சரியாத்தான் குடுத்தாங்க. என் மேசையில வேற வண்டிக்கு வாங்கின டப்பா ஒண்ணு கிடந்துச்சு. அவசரத்துல அதைப் பிரிச்சு மாட்டிட்டேன். லேசா போச்சு. கால் ஒடிஞ்சு கிடந்தப்போ அக்கா வந்து அழுதாங்க. சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயம், கைக்குழந்தை வேற. அப்புறம் நாளாக நாளாக எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அவங்க மூஞ்சிக்கு நேரா என்னால முடியாது. நீ படி, நான் நிக்கிறேன்.”

அக்கா! இது பாராட்டு மடலா, மன்னிப்புக் கடிதமா, எங்களுக்கே விளங்கவில்லை. இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியுமா என்று முதலாளி கேட்கிறார். இதைக் கேட்டு வருந்துவீர்களா, சினப்பீர்களா, எழுந்து வீட்டுக்குப் போய்விடுவீர்களா, அறியோம். அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் தங்கள் மேசைமேல் வைத்த சாவியை மறுபடி எடுத்துக்கொண்டேன். செய்யாத ஒரு பிழைக்காக இருபத்தெட்டாண்டு ஒவ்வொரு பாகத்தையும் மும்முறை தொட்டுப் பார்த்து, எத்தனை கைகால்களைக் காத்தீர்களோ, அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தாங்கள் நீடு வாழ்க! மூட்டுவலி முற்றாய் விலகுக! இனி எவர் வீட்டு வண்டி எவ்வளவு ஆடினாலும் திரும்பிப் பாராமல், தங்கள் பேரப்பிள்ளைகளோடு தாராளமாய் ஊர் சுற்றி வருக!

பொன்னாடையோடு ஒரு சிறு பொருளையும் போர்மேன் இப்போது தங்கள் கையில் தருவார். தம் டூல்ஸ் டிராயரின் அடியில் இத்தனை காலம் வைத்திருந்தார். இன்னும் பிரிக்காத பிரேக் பேட் டப்பா. அதன்மேல் அன்று அவர் மண்மேட்டில் விழுந்த வண்டியின் எண்ணும், பக்கத்தில் தங்கள் கையெழுத்தில் “உள்ளூர்” என்றும் இருக்கிறது.

இங்ஙனம்,
பணிமனைப் பணியாளர்கள் பதினெட்டுப் பேர்
(போர்மேன் முதல் ஆளாகக் கையொப்பமிட்டுள்ளார்)