முதல்ல நீ உள்ள போ

ஹேமலதா: அதான் காலேஜ் கேட்டு வரைக்கும் வந்தாச்சே. நீ கிளம்பு பிரியா.

சகாய பிரியா: நான் கிளம்புறது இருக்கட்டும். அரியர் எழுதப் போறவ நீ. முதல்ல நீ உள்ள போ.

ஹேமலதா: இன்னும் கால் மணி நேரம் கெடக்கு.

சகாய பிரியா: பயமா இருக்கா?

ஹேமலதா: லேசா. போன தரமும் இதே மேத்ஸ்தானே கவுத்துச்சு.

சகாய பிரியா: அப்ப பரீட்சைக்கு மொத நாள்தான் புக்கையே தொறந்திருப்ப. கைடப் பாத்துப் பாத்து எழுதியிருப்ப. பாத்து எழுதறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். ஹால்ல போய் உக்காந்தா ஒண்ணும் வராது.

ஹேமலதா: பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்ற?

சகாய பிரியா: ...எல்லாரும் அப்படித்தானடி.

ஹேமலதா: இந்த ரெண்டு மாசம் பஸ்ல நீ சொல்லிக் கொடுக்கலேன்னா...

சகாய பிரியா: எங்க சொல்லிக் கொடுத்தேன்? உடையார்பாளையத்துல ஏறுனதுலேருந்து அரியலூர் வரைக்கும் உன் தொணதொணப்பு. இது ஏன் மைனஸ், அத ஏன் ரெண்டால வகுக்குறன்னு. பாதி நாளு பதில் தெரியாம முழிச்சேன்.

ஹேமலதா: மறுநாள் டாண்ணு சொல்லிடுவியே.

சகாய பிரியா: வூட்டுல புக்க மூடி வச்சுட்டு முதல்லேருந்து போட்டுப் பாப்பேன். இல்லேன்னா உன்கிட்ட மானம் போயிடுமே.

ஹேமலதா: சிமெண்ட் லாரிக்குப் பின்னாடி பஸ் ஊர்ந்தா எல்லாரும் திட்டுவாங்க. நீ மட்டும் இன்னொரு கணக்கு போடலாம்ப.

சகாய பிரியா: சரி, தப்பெல்லாம் எழுதி வச்ச நோட்ட ஒருதரம் பாத்துக்க. பிராக்கெட்டுக்கு வெளிய மைனஸ் இருந்தா உள்ள எல்லாத்துக்கும் மாத்தணும். நாலு தரம் விட்டிருக்க.

ஹேமலதா: மூணு தரம் விட்டது நீ.

சகாய பிரியா: ...எண்ணி வச்சிருக்கியா?

ஹேமலதா: மணி அடிச்சிட்டாங்க.

சகாய பிரியா: போ.

ஹேமலதா: நீ கிளம்பு, நான் போறேன்.

சகாய பிரியா: ஹேமா... ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காத.

ஹேமலதா: சொல்லு.

சகாய பிரியா: போன தரம் மேத்ஸ்ல அம்பத்தெட்டு மார்க்குன்னு சொன்னேன்ல... அது பொய். பதினேழு. எனக்கும் இன்னிக்கு இதே பரீட்சைதான். வூட்டுலகூட யாருக்கும் தெரியாது. அக்கா கணக்குல ஃபெயிலானப்ப, நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்குக் கணக்கு வராதுன்னு அப்பா படிப்ப நிறுத்திட்டாரு. இப்ப நானும்னு தெரிஞ்சா...

ஹேமலதா: கணக்கு வருதா, வரலையா?

சகாய பிரியா: வருதுடி. நேத்து பழைய கொஸ்டின் பேப்பர் ஒண்ண மூணு மணி நேரம் வாட்ச் வச்சுப் போட்டேன். யாரையும் கேக்கல, எதையும் பாக்கல. அறுபது வரும்.

ஹேமலதா: அப்புறம் என்ன?

சகாய பிரியா: நீயும் வா, சேந்தே போவோம். ஹால் டிக்கெட்ட எடு.

ஹேமலதா: எனக்கு ஏது ஹால் டிக்கெட்? நான் போன தரமே எழுபத்தொண்ணு. நீ போன்ல ரிசல்ட் பாத்தப்ப உன் பின்னாடிதான் நின்னேன். நான் சொல்லித் தரேன்னு வந்திருந்தா நீ அந்த பஸ்ஸையே மாத்தியிருப்ப, அதான் உன்கிட்ட கத்துக்க வந்தேன்... உள்ள போ பிரியா, நீ வெளிய வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன்.