நயீம் அகமது பெயர் போட்ட ஒரே தாள்

கூட்டத் தலைவர், தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி நிசார் அஹமது சாஹிப் அவர்களே! மேடையில் இருக்கும் மற்ற நான்கு பெரிய மனிதர்களே! திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவி முனவ்வர் பேகம் அம்மா அவர்களே! இடம் கிடைக்காமல் பந்தலுக்கு வெளியே நிற்கும் என் தெரு ஜனங்களே!

நான் பச்சையப்பன். ஆம்பூர்ச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டுகிறவன். கையில் இருக்கும் இந்தப் பேச்சை நானே எழுதினேன். அறுபத்து நாலு வயதில் எழுதப் பழகிய கை. ஓர் எழுத்து எருமை மாதிரி படுத்திருக்கிறது, அடுத்த எழுத்து கோழி மாதிரி ஓடுகிறது. நடுவில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கக் கூட்டத்தில் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் இதை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் காட்ட வேண்டிய மனிதர்தான் இல்லை.

மறைந்த நயீம் அகமது சாஹிப் யார்? எனக்கு முன்னால் பேசியவர்கள் ‘எங்கள் பேனா’ என்றார்கள். பேனாவாம்! வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடி வைக்கலாம் அல்லவா?

அவர் வேலூரில் ஒரு வாரப் பத்திரிகையில் ஒன்பது வருஷம் நிருபராக இருந்தார். ஒரு முறை ஆம்பூருக்கு வந்து எங்கள் தெருக் கிணற்றைப் பற்றி எழுதினார். தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர் வாய்க்காலில் விழுகிறது, அங்கிருந்து கிணற்றில் ஊறுகிறது, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று எழுதினார். அடுத்த வாரம் அந்தப் பத்திரிகைக்குத் தோல் ஷாப்பு விளம்பரம் ஒன்றுகூட வரவில்லை. அதற்கடுத்த வாரம் அந்தப் பத்திரிகையில் நயீம் சாஹிப் இல்லை.

வேறொருவர் என்றால் சென்னைப் பக்கம் போயிருப்பார். இவர் மசிக்கூடும் குடையுமாக ஆம்பூருக்கே வந்து கடை கடையாக ஏறினார். “உங்கள் சரக்கைப் பற்றி நான் எழுதித் தருகிறேன்” என்றார். அப்போது நான் ஷபீ அஹமது பாயின் செருப்புக் கடை வாசலில் வேலை கேட்டு நின்றிருந்தேன். இருபது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கை, இனி உதவாது என்று தோல் ஷாப்பில் நிறுத்தியிருந்தார்கள்.

ஷபீ பாய் சிரித்தார். “செருப்ப கால்ல போட்டுக்குவாங்க. படிக்கவா செய்வாங்க?”

“ஒரு ஜோடி குடுங்க பாய். எட்டு நாள் நடந்து பாக்குறேன். அறுந்து போச்சின்னா அதையும் எழுதுறேன்.”

எட்டாம் நாள் வந்து எழுதினார்: ‘ஆலங்காயம் போனேன், வந்தேன். வார் அப்படியே இருக்கிறது. கால்தான் வலிக்கிறது.’ அவ்வளவுதான்! இரண்டே வாரத்தில் கடையில் செருப்பு தீர்ந்தது. அதன்பின் பிரியாணிக் கடைக்காரர் வந்தார், குடைக்காரர் வந்தார், தோல் முதலாளிகளும் வந்தார்கள். சாப்பிடாமல் பிரியாணிக்கு எழுத மாட்டார். கண் எரிந்தது என்று சுருமா மை விற்ற ஒருவரைத் திருப்பி அனுப்பினார். யாருக்கும் சம்பளக்காரராக இல்லாமல் ஊருக்கே எழுதிய மனிதர் அவர்.

ஒட்டுவதற்கு என்னை வைத்துக்கொண்டார். முதல் நாளே நாற்பது நோட்டீஸையும் தலைகீழாக ஒட்டினேன். எனக்கு எழுத்து தெரியாது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சந்தையே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. வேலை போயிற்று என்று அவர் காலில் விழப் போனேன்.

“எழுந்திருங்க பெரியவரே! நேரா ஒட்டியிருந்தா நாலு பேரு பாப்பாங்க. இப்ப ஊரே கழுத்த ஒடிச்சிக்கினு படிக்குது!”

அன்றிலிருந்து ஒவ்வொரு நோட்டீஸின் தலையிலும் சின்னதாக ஒரு செருப்பு வரைந்து கொடுத்தார். செருப்பு இருக்கிற பக்கம் மேலே வர வேண்டும். ஆறு வருஷம் அந்தச் செருப்பைப் பார்த்து ஒட்டினேன். அதன் கீழே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் படிக்கப் பழகினேன்.

அத்தனை நோட்டீஸிலும் கடையின் பெயர் இருந்தது, முதலாளியின் பெயர் இருந்தது, அடியில் அச்சுக்கூடத்தின் பெயர்கூட இருந்தது. எழுதியவர் பெயர் எங்கே இருந்தது? சொல்லுங்கள், எங்கே இருந்தது?

போன வருஷம் எங்கள் கிணற்றைப் பற்றி மறுபடி எழுதினார், இந்த முறை தன் பெயரைப் போட்டு. தலைவர் அவர்களே, அதை அச்சுக்கூடத்தில் கொடுத்த அன்றே நீங்கள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நான் பசை வாளியோடு வாசலில் நின்றேன்.

“நயீம் பாய், எங்க சரக்க எழுதுங்க. எங்க தண்ணிய இன்னாத்துக்கு எழுதறீங்க?”

“அதையும் குடிச்சிப் பாத்துட்டுத்தான் எழுதினேன் சாஹிப்.”

அதன்பிறகு ஆம்பூரில் எந்த அச்சுக்கூடமும் அந்தத் தாளைத் தொடவில்லை. அவருக்கு வேலை கொடுக்கவும் ஆள் இல்லை. ஒரு வருஷம் வாசலைப் பார்த்தபடி இருந்தார். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். இப்போது பந்தல்! இப்போது மாலை!

இந்தக் கூட்டத்தின் நோட்டீஸை ஒட்டியதும் நான்தான். ஒட்டுவதற்கு முன்னால் நான் முழுதாகப் படித்த முதல் நோட்டீஸ் அது. மேலே மேடைக்காரர் ஐந்து பேரின் பெயர், கட்டைவிரல் அகலத்துக்கு. அடியில் எறும்பு அளவில், இறந்தவர் பெயர். செத்தவருக்குமா இடம் கம்மி?

இன்று காலையில் சுவரைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். “கெழவன் மறுபடியும் தலகீழா ஒட்டிட்டாண்டா” என்றீர்கள். தெரிந்துதான் ஒட்டினேன். அப்படி ஒட்டினால்தான் நயீம் சாஹிப் பெயர் மேலே வருகிறது.

கிணற்றுத் தாளை முனவ்வர் பேகம் அம்மா என்னிடம் கொடுத்தார்கள். “இது ஒண்ணுலதான் அவரு பேரு இருக்குது பெரியவரே. அச்சுல வரலன்னா போவட்டும், சுவத்துல வரட்டும்” என்றார்கள்.

அவர் வேலையைத் தொடர்வேன் என்று வெறும் வாயால் சொல்ல நான் வரவில்லை. நாலு நாளாக அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதி முடித்திருக்கிறேன். தலையில் செருப்பு வரைந்திருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில் அவர் பெயர். நாளைச் சந்தை கூடுவதற்கு முன்னால் நிசார் சாஹிப் ஷாப்பு வாசல் சுவரில் ஒட்டுவேன். நேராகத்தான் ஒட்டுவேன்.

கிழிக்கலாம். இந்த ஊரில் எனக்கு ஒட்டும் வேலையே இல்லாமல் செய்யலாம். ஒரு தாள் எழுத எனக்கு நாலு நாள் ஆகிறது. கிழித்தால் அடுத்த வாரம் இன்னொன்று எழுதுவேன். அதற்குள் கையெழுத்தும் கொஞ்சம் தேறியிருக்கும்.