சித்தப்பாவின் எதிர்வீடு

“ஹலோ... ஹலோ, சார்! ... ஆமா சார், நான்தான்... ஆமா, ஆமா, இப்பதான் பார்த்தேன், அத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க... அய்யோ, வேணும்னு எடுக்காம இருப்பேனா? துணி அலசிட்டு இருந்தேன் சார்... சத்தியமா. கை பூரா சோப்பு.”

கை பூரா சோப்பு என்பது மட்டும் உண்மை. போன் அடித்த ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நன்றாகவே கேட்டது. கட்டில்மேல் கிடந்து துள்ளிய போனை, வீட்டுக்குள் புகுந்துவிட்ட பாம்பைப் பார்ப்பதுபோலக் குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலாளர் கூப்பிட்டால் நலம் விசாரிக்கவா கூப்பிடுவார்? அதிலும் நேற்று அவள் செய்துவைத்த காரியத்துக்கு.

“சார், நீங்க திட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். தப்புதான்... இல்ல, சொல்லி முடிச்சிடறேன் சார். போன் ஒண்ணுதானே, கணக்கு ரெண்டு. என் சொந்தக் கணக்கு ஒண்ணு, நம்ம கம்பெனிப் பக்கம் ஒண்ணு. என் பேர்ல எழுதறதா நெனச்சுக்கிட்டு சித்தப்பா பேர்ல எழுதிட்டேன்... ஆமா... ஆமா, பார்த்த உடனே அழிச்சேன் சார். அதுக்குள்ள ஜனங்க படம் புடிச்சு வெச்சுட்டாங்க.”

சித்தப்பா யாரென்று சொல்லிவிடுவது நல்லது. அவள் வேலை பார்ப்பது ஒரு பெயிண்ட் கம்பெனியில். ‘எங்கள் பெயிண்டை வாங்குங்கள்’ என்று நேராகச் சொன்னால் இந்தக் காலத்தில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அதனால் கம்பெனியின் வலைதளப் பக்கத்துக்கென்றே ஓர் ஆளை உண்டாக்கினார்கள். வண்ணச் சித்தப்பா. முறுக்கு மீசை, தொப்பை, கையில் பிரஷ், வீட்டில் ஒரு சித்தி, வால் ஒன்றுதான் குறை என்கிற மாதிரி இரண்டு பையன்கள். எல்லாம் வெறும் படம். அந்தப் படத்துக்குள் உட்கார்ந்துகொண்டு காலை வணக்கம் சொல்வதும், கேலிக்குக் கேலி பேசுவதும், ‘சித்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா, சமையலறைக்கு என்ன கலர் அடிச்சா சிரிப்பா?’ என்று ஊரைக் கேட்பதும், நாற்பதைத் தாண்டிய, ஓர் அறை வீட்டில் தனியாகக் குடியிருக்கிற இவள்தான். லட்சம் பேர் சித்தப்பா, சித்தப்பா என்று உருகுகிறார்கள். ஆபீசிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அண்ணன் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது.

இப்போது கம்பெனி சமூக சேவை வேறு செய்கிறது. பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு பெயிண்ட் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை, உங்கள் கதவுக்கு நீங்கள் அடிக்கக் கூடாது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் கதவுக்குத்தான் அடிக்க வேண்டும். அதைக் கம்பெனி வீடியோ எடுக்கும். கட்டிப்பிடிப்பார்கள், கண் கலங்குவார்கள், பின்னால் வயலின் அழும். அப்படி ஒரு வீடியோவின் கீழே ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்: ‘எங்க மாடியில எல்லாக் கதவும் பளபளன்னு இருக்கு. ஒண்ணும் திறக்க மாட்டேங்குது.’ அதற்கு இவள் எழுதிய பதில்தான் வினையாகிவிட்டது.

“என்ன எழுதினேன்னு எனக்கே தெரியும் சார், படிச்சுக் காட்ட வேணாம்... வேணாம் சார், ப்ளீஸ்... ம்... ம்... ஆமா. ‘எனக்கும் அப்படித்தாம்மா. எதிர்வீட்டுல யாருன்னு மூணு வருஷமா தெரியாது. நாள் பூரா ஊரோட பேசறேன், சாயங்காலம் கடையில போய் ஏதாவது கேட்டா என் தொண்டை எனக்கே புதுசா இருக்கு.’ ... அதேதான் சார்... சித்தியா? ஆமா, நானும் பார்த்தேன். ‘சித்தி கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா சித்தப்பா’ன்னு ஒரே விசாரிப்பு. ஒரு அம்மா, சித்தியோட விலாசம் குடுங்க, நான் போய் நாலு வார்த்தை பேசிக் கூட்டிட்டு வரேன்னு எழுதியிருக்காங்க... சிரிக்காதீங்க சார். நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடவா? ... என்னது? ... முதலாளிக்குப் புடிச்சிருக்கா?”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நேற்று ராத்திரியிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது.

“எந்த வீடியோவுக்கும் வராத கூட்டமா? ... அப்படியா... அடேங்கப்பா... சார், உண்மையாத்தான் சொல்றீங்களா, இல்ல கேலி பண்றீங்களா? ... ம்... ம்... எது, நான் எழுதினதா? இல்ல சார், சும்மா ஒரு இதுக்கு... ம்... இல்ல. நிஜம்தான்... ஆமா சார். நிஜமாவே தெரியாது.”

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் அவளைவிடச் சின்ன வயது, ஆபீசில் நிமிர்ந்துகூடப் பார்க்காதவர். இருந்தாலும் கேட்டுவிட்டாரே. திறக்காமல் கிடந்த குழாயைத் திருகிவிட்டால் என்ன ஆகும்? கொட்டத்தான் செய்யும். அவளும் கொட்டினாள்.

“ஒரு அம்மா சார். என் வயசு இருக்கும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். மூஞ்சியைப் பார்த்ததில்ல. லிஃப்ட் மூடறப்ப முதுகைப் பார்த்திருக்கேன்... எல்லாம் சத்தத்தை வெச்சுத்தான். செருப்பை இழுத்து இழுத்து நடப்பாங்க. அவங்க தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர், ரெண்டு ஆட்டு ஆட்டினாத்தான் விடும். முன்னெல்லாம் போன்ல யார்கூடவோ சண்டை போடுவாங்க. இப்ப சண்டையும் இல்ல... ஆமா சார், தனியாத்தான்... போய்ப் பேசறதுக்கென்னவா? போயிருக்கேன் சார். போன மழையில ஒருநாள் விடாம இருமிட்டே இருந்தாங்க. மனசு கேக்கல. சுடுதண்ணி வெச்சு டம்ளர்ல ஊத்தி எடுத்துக்கிட்டுக் கதவு வரைக்கும் போயிட்டேன். நம்ம கதவு வரைக்கும். அப்புறம், போய் யாருன்னு சொல்றது? மூணு வருஷமா எதிர்ல இருக்கறவன்னு சொன்னா, இத்தனை நாள் எங்க போனேன்னு கேக்க மாட்டாங்களா? ... கடைசியில நானே குடிச்சிட்டேன் சார்.”

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். ‘அடப்பாவமே’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்தப் பக்கத்திலிருந்து டக்டக்கென்று ஒரு சத்தம் வந்தது.

“சார்... டைப் பண்றீங்களா? ... இல்ல, கேட்டுச்சு. அதான்... சரி, சரி, குறிச்சுக்குங்க... ஆமா, டம்ளர்... சில்வர் டம்ளர்தான் சார்... கண்ணாடியா மாத்தணுமா? ஆவி பறக்கறது கேமராவுல தெரியுமா? ... மாத்திக்குங்க சார். எனக்கென்ன.”

எனக்கென்ன என்று சொன்னாளே தவிர, சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசிக்கொண்டே அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஆனால் இருபது வருஷமாக மேலிடத்துக்குச் சரி சொல்லிச் சொல்லி அவள் நாக்கு பழகியிருந்தது.

“அடுத்த வீடியோவா? எங்க? ... எங்க மாடியிலயா! என் கதவா? ... சனிக்கிழமையேவா? அவங்க ஒத்துக்கணுமே சார்... அதுக்குள்ள பேசிட்டீங்களா? எப்போ? ... இன்னிக்குக் காலையிலயா... அவங்க நம்பர் வாட்ச்மேன் குடுத்தாரா... என்ன சொன்னாங்க சார்? ... அது சரி, ஒத்துக்கிட்டாங்க. என்ன சொன்னாங்க? அவங்க வாயால? ... ஓ... ‘அந்த வீட்டுல ஆள் இருக்காங்களா’ன்னா கேட்டாங்க?”

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு இருமலை இவள் கேட்டாளே, அந்த மாதிரி தன் சத்தமும் அங்கே போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இவள் பாத்திரம் போட்டது, கதவைச் சாத்தியது, பாட்டு வைத்தது, ஒன்றுகூடவா போய்ச் சேரவில்லை? அழுகை வந்தது. வேலை நேரத்தில் அழக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் மேலாளர் லைனில் இருந்தால் அது வேலை நேரம்தான்.

“இருக்கேன் சார், லைன்லதான் இருக்கேன்... இல்ல, சளி... பரவாயில்ல சார். தெரியாததால என்ன? சனிக்கிழமை தெரிஞ்சுடப்போகுது. ஒரு வகையில நீங்க எனக்கு நல்லதுதான் பண்றீங்க. நானா என்னிக்குப் போய்த் தட்டியிருப்பேன்? ... சார், நான் என்ன டிரஸ் போட்டுக்கட்டும்? கதவு என்ன கலர்னு சொன்னீங்கன்னா அதுக்கு எடுப்பா... ம்? ... நான் இல்லையா? ... அப்ப யாரு? ... சித்தப்பாவா?”

“...நடிகர்னா, மீசை வெச்ச ஆளா? ... என் வீட்டுலயா? ... இல்ல சார், புரியுது. பக்கம் சித்தப்பாவோடது. ஜனங்க சித்தப்பாவைத்தான் எதிர்பார்ப்பாங்க. திடீர்னு ஒரு பொம்பளை வந்து நின்னா... ஆமா... ஆமா, கொழப்பம்தான்... அப்ப அந்த அம்மாகிட்ட யாரு இருக்கறதா சொல்லியிருக்கீங்க? ... தனியா ஒரு பெரியவர்னா? சரி... அவர் டம்ளரை எடுத்துட்டுப் போவார், அவங்க கதவைத் திறப்பாங்க. அழுவாங்க... அன்னிக்கு நான் எங்க சார் இருக்கட்டும்? ... இல்ல, வெளிய போயிடுவேன். போக இடமா இல்ல? போயிடறேன் சார்.”

போக இடம் எது என்று அவள் மனசு அந்தக் கணமே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. ஆபீசைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா சார்? இன்னிக்கு நான் சும்மா போய் அவங்களை ஒரு எட்டு... வேணாமா? ... சரி, சரி. முதல் தடவை பார்க்கற மூஞ்சி வேணும்... நிஜமா இருக்கணும், புரியுது... முடிஞ்சப்புறம்? வீடியோ எல்லாம் போட்டு முடிச்சப்புறம் போய்ச் சொல்லலாம்ல, நான்தான்னு? ... அப்பவும் வேணாமா... இல்ல சார், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வெளிய தெரிஞ்சா கம்பெனி பேரு... ஆமா. சரி... சரி சார்... ச...”

மூன்றாவது ‘சரி’ பாதியில் நின்றது. எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் இரண்டு ஆட்டு ஆடியது. கதவு திறந்தது. செருப்பு இழுபட்டது. லிஃப்ட் பக்கம் போகவில்லை, நேராக இவள் வாசலுக்கு வந்தது. காலையில் வந்த போன் அந்த அம்மாவையும் உட்காரவிடவில்லை போலிருக்கிறது. கதவில் முதல் தட்டல் விழுந்தது.

“சார், ஒரு நிமிஷம்... யாரோ தட்டறாங்க... அவங்கதான் சார், செருப்புச் சத்தம்... இல்லவே இல்ல, நான் கூப்பிடல. நான் ஒரு வார்த்தை பேசினதில்லைன்னு இப்பதானே சொன்னேன்... சரி... திறக்கல சார்... ஆமா, மெதுவாத்தான் பேசறேன்... இல்ல, போயிடுவாங்க. ஆள் இல்லன்னு நெனச்சுப் போயிடுவாங்க.”

போனைக் காதில் வைத்தபடியே அவள் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். இரண்டாவது தட்டல். இவள் மூச்சுக்கூட விடவில்லை. தட்டுகிறவர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது; அத்தனை வீடியோக்களையும் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவள் அவள்தான். முதல் தட்டல் தைரியமாக விழும், இரண்டாவது கொஞ்சம் யோசிக்கும், மூன்றாவது விரல் நுனியில் பட்டும் படாமல் இருக்கும். அதற்கப்புறம் திரும்பிப் போய்விடுவார்கள். திறக்காத கதவை யார் பார்ப்பார்கள் என்று அந்தத் துண்டுகளை எல்லாம் வெட்டி எறிந்திருக்கிறாள்.

மூன்றாவது தட்டல் விரல் நுனியில் விழுந்தது.

“ஹலோ? ... ஹலோ, சார்? ... கேக்கல சார்... விட்டு விட்டு வருது... என்ன, திறக்கவா சொல்றீங்க? ... ஒண்ணுமே கேக்கல... ஹலோ... ஹலோ...”

மேலாளர் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. செருப்பு திரும்பி ஓர் அடி இழுபட்டது. அவள் சிவப்பு பட்டனை அழுத்தினாள். மேலிடத்து அழைப்பை அவளாகத் துண்டித்தது இதுதான் முதல் தடவை. தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“இருங்க! போயிடாதீங்க... இருக்கேன். உள்ளதான் இருக்கேன்.”